மாப்பிள்ளை வெளியேறும் வழிமுறை

எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆய்வாளர் அவர்களே. அது என் வழக்கம். படிக்கிறவர் கண்ணைச் சுருக்கினால் எழுதினவன் தப்பு செய்துவிட்டான் என்பது என் கட்சி. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சுவிட இடம். இணையப் பக்கங்கள் செய்து பிழைத்த காலமெல்லாம் இப்படித்தான் செய்தேன். அலுவலகத்தில் எனக்கு ‘வெள்ளைத்தாள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். நான் விருது மாதிரி வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் என் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் காவலர். நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டபடி, நடந்ததை என் கையாலேயே எழுதுகிறேன். புகார் கொடுத்தது என் மகள். சாட்சிக் கையெழுத்து போட்டது என் மனைவி. பாதிக்கப்பட்டவர் என் மாப்பிள்ளை. ஆக, குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பொறுப்பு கிடைத்திருக்கிறது. மிச்சம் இருந்தது குற்றவாளி. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

குற்றம் புரிய வேண்டுமானால் என் கருத்துகள் புரிய வேண்டும். அதிகம் இல்லை. பொத்தான் பொத்தான் மாதிரி இருக்க வேண்டும். விரல் கிட்டே போகும்போது அது நகர்ந்து ஓடக்கூடாது. செய்தித்தளம் தானாகப் பேச ஆரம்பிக்கக் கூடாது. பேருந்தில் என் சட்டைப்பையிலிருந்து ஒரு பெண் குரல் வைர நகை வாங்கச் சொல்லிக் கத்தியபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. தலைப்பில் செய்தி இருக்க வேண்டும். “இவர் செய்த காரியத்தால் ஊரே வாயடைத்துப் போனது” என்று போட்டிருக்கிறான். தட்டித் தட்டி உள்ளே போனால், ஒருத்தர் குடை வாங்கியிருக்கிறார். மழைக்காலம். வேறு எதை வாங்குவார்?

காலையில் கண் விழித்து, “ஆகா, இன்று ஒரு நல்ல இணையதளத்தைப் பார்ப்போம்” என்று எழுந்திருக்கிற மனிதப் பிறவி உலகத்தில் கிடையாது. அவரவருக்கு அவரவர் வேலை. அந்த வேலைக்கு நடுவே நம் பக்கத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் வேதம்.

என் மாப்பிள்ளை நம் நகரத்து இணைய நாளிதழில் வடிவமைப்புத் தலைவர். தங்கமான மனிதர். ஈக்குக்கூட வழிவிட்டு நடப்பார். ஆனால் அவர் செய்த பக்கத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். திறந்தவுடன் குக்கீக்குச் சம்மதமா என்று ஒரு பெட்டி. அதை மூடினால் நோட்டிஃபிகேஷன் அனுப்பவா என்று இன்னொன்று. அதற்குப் பின்னால் மின்னஞ்சல் கேட்டு மூன்றாவது. மூடும் குறி கடுகளவு. அதுவும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும் தாண்டி முதல் வரியில் கண்ணை வைத்தால், பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி, மெத்தை விளம்பரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அந்த மெத்தை எனக்கு இப்போது என் சொந்த மெத்தையைவிடப் பழக்கம்.

ஒருநாள் என் மனைவி தலைக்குக் குளிக்கப் போனாள். தண்ணீர் நிறுத்தம் எத்தனை மணிக்கு என்று பார்க்கலாமே என்று ஃபோனைத் திறந்தாள். ஒரே ஒரு வரி வேண்டும் அவளுக்கு. பெட்டிகளை மூடிக்கொண்டே ஒரு கையால் ஷாம்பூவும் தேய்த்துக்கொண்டாள், கெட்டிக்காரி. அந்த வரி அவள் கண்ணில் பட்டபோது தலையில் நுரை இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள்.

“மாப்பிள்ளை, உங்க அத்தை அன்னிக்குத் தலையில நுரையோட முக்கால் மணி நேரம் நின்னா.”

“ஐயோ, ஏன் மாமா?”

“உங்க பேப்பரைப் பார்த்துட்டிருந்தா.”

அவர் முகம் மலர்ந்தது. “முக்கால் மணி நேரமா? ஒரே ஆளா? மாமா, எங்களுக்கு அது ரெக்கார்டு.”

“தண்ணி எப்ப நிக்கும்னு பார்க்க வந்தா. அதுக்கு எதுக்கு இத்தனை பெட்டி?”

“அதெல்லாம் பெட்டி இல்ல மாமா, வாசகரோட ஒரு உறவு. முன்னெல்லாம் வந்த உடனே ஓடிடுவாங்க. இப்ப யாரும் போறதே இல்ல.”

“போக மனசில்லாம இருக்காங்களா, வழி தெரியாம இருக்காங்களா?”

“கணக்குல ரெண்டும் ஒண்ணுதானே மாமா,” என்றார், வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே.

“ஒண்ணு இல்ல மாப்பிள்ளை,” என்றாள் என் மனைவி. “எனக்குச் சளி பிடிச்சிடுச்சு.”

மகள் சிரித்தாள். “இவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா. இவருக்கு நானே ஒரு பெட்டிதான். அப்புறம் ஞாபகப்படுத்துன்னு தட்டி விட்டுடுவார்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் நான் குறித்துக்கொண்டேன், மனதில்தான்.

பிறகு மகள் வேலை நிமித்தம் வெளியூருக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனாள். இரண்டாம் வாரம் அவர்கள் குடியிருப்பில் சுவருக்கு வண்ணம் பூசும் வேலை நடந்தது. மாப்பிள்ளைக்கு அந்த வாடை ஆகாது. எங்கள் வீட்டிலேயே தங்கி, இங்கிருந்தே அலுவலக வேலையைப் பார்க்கட்டும் என்று நான்தான் அழைத்தேன். அன்போடுதான் அழைத்தேன். அவர் வந்த மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில், மகள் ஃபோனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இறங்கறேன். ஏர்போர்ட்டுக்கு வந்துடு.”

“கண்டிப்பா வரேன்.”

“போன தடவையும் கண்டிப்பாதான். அதுக்கு முந்தின தடவையும் கண்டிப்பாதான். பெட்டி மேல உட்கார்ந்து உட்கார்ந்து நானே ஒரு பெட்டி மாதிரி ஆயிட்டேன். இந்தத் தடவையும் நீ நிக்கலன்னா, நான் நம்ம வீட்டுக்கு வரமாட்டேன். நேரா அப்பா வீடு. என் பழைய ரூம். அங்கேயே இருந்துக்கறேன்.”

“விளையாடாத.”

“விளையாடல.”

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தடவுவதை நிறுத்தவில்லை. இந்தப் பேச்சுக்கும் பிறகு நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்தது பயன்பாட்டு வசதி பற்றிய ஓர் ஆராய்ச்சி. வடிவமைப்பாளர் ஒருவர் தன் வடிவமைப்புக்குள் குடியிருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது. நியாயமான கேள்விதான்.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். குளியலறை விளக்கு. உள்ளே போன சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும். “இன்னும் இருக்கிறீர்களா?” என்று என் குரல் கேட்கும். “இருக்கேன் மாமா” என்றால் மறுபடி எரியும். பதில் தாமதமானால் தண்ணீரும் நின்று, முதலிலிருந்து சோப்புப் போட வேண்டும். மாப்பிள்ளை ஈரத் தலையோடு வெளியே வந்து, “நல்ல ஏற்பாடு மாமா, கரண்ட் மிச்சம்,” என்றார்.

அடுத்தது இந்தச் சோபா. நீங்கள் பயப்பட வேண்டாம், இப்போது அணைத்து வைத்திருக்கிறேன். யாராவது உட்காரக் குனியும் நேரத்தில் இது ஒரு முழம் இடப்பக்கம் நகரும். மாப்பிள்ளை முதல் நாள் தரையில் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் என் மனைவியின் தையல் கூடையில் உட்கார்ந்தார். எழுந்து, ஊசியை எடுத்துக்கொண்டே, “என் தப்புதான் மாமா, நான் சரியா பார்க்கல,” என்றார்.

இந்த ஒரு வரியை நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன், ஆய்வாளர் அவர்களே. மோசமான பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து, நல்ல மனிதர்கள் எல்லோரும் தங்களைத்தான் திட்டிக்கொள்வார்கள். என் நெஞ்சே உருகிவிட்டது. அதனால் ஆராய்ச்சியைத் தொடர்ந்தேன்.

குறுக்கே வந்து விழும் பெட்டியாக என் மனைவி இருந்தாள். சளியின் நினைவு போகாததால் அவளாகவே முன்வந்தாள். பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. அவர் வேலைக்கு உட்கார்ந்த உடனே முன்னால் போய் நிற்பாள்.

“மாப்பிள்ளை, இன்னொரு காபி?”

“வேண்டாம் அத்தை.”

“வேண்டாம்னு மொட்டையா சொல்லக் கூடாது. ‘எனக்கு என் உடம்பு மேல அக்கறை இல்லை, என் மாமியார் மனசு நோகறதும் எனக்கு முக்கியம் இல்லை’ன்னு சொல்லணும். இல்லன்னா குடிக்கணும்.”

குடித்தார். மனிதர் அந்த வாரம் முழுக்கக் காபியிலேயே மிதந்தார். இமை கொட்டுவது குறைந்துபோயிற்று. ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை புதுப்புதுப் பெட்டிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார். தச்சர் வந்து பின்னால் சுவரை இடித்தபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எங்கேயும் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். படத்தை விரித்துக் காட்டியதும் மனிதர் தலையைச் சொறிந்தார்.

“சார், நான் இத்தனை வருஷமா வாசல் வைக்கிறவன். நீங்க வாசலை ஒளிச்சு வைக்கச் சொல்றீங்க.”

“ஒளிக்கலப்பா. அடக்கமா காட்டறோம்.”

“கைப்பிடியைக் கணுக்கால் உயரத்துல வெச்சா யார் சார் பிடிப்பாங்க?”

“தேவைப்படறவங்க பிடிப்பாங்க.”

“சுவரும் சாம்பல் கலர், கைப்பிடியும் சாம்பல் கலர். பூனைக்குத்தான் சார் தெரியும்.”

வியாழக்கிழமைக்குள் முடித்துவிட்டார். அருமையான கைவேலை.

அமைப்பு இதுதான். கூடத்தின் ஒரு பக்கம் பெரிய பச்சைக் கதவு. ‘வெளியே செல்ல’ என்று அதன்மேல் எழுத்து ஒளிரும். திறந்தால் ஒரு நடை. அது இரண்டு முறை வளைந்து உங்களைச் சமையலறையில் கொண்டுபோய் விடும். உண்மையான வழி குடை வைக்கும் சாடிக்குப் பின்னால், அந்தச் சாம்பல் கைப்பிடி. அதை இழுத்தால் சின்ன முன்னறை. முன்னறைக்கு அந்தப் பக்கம் தெரு. நடுவில் ஒரு கதவு, கதவில் ஒரு தொடுதிரை. தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீங்களே பார்த்தீர்கள், மணியைத் தொடுவதற்கு முன்பே கதவு திறந்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை விடிந்ததும் எழுந்துவிட்டார். நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். முந்தின நாளே சொல்லிவைத்திருந்த பூங்கொத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வந்துசேர்ந்தது. வெள்ளைப் பூக்கள். மகளுக்கு வெள்ளைதான் பிடிக்கும். அதை அவர் நினைவு வைத்திருந்தது எனக்கு ஆச்சரியம். எட்டு மணிக்கு, “வரேன் மாமா, வரேன் அத்தை,” என்று பச்சைக் கதவைத் திறந்துகொண்டு போனார். சற்று நேரத்தில் சமையலறையில் அவர் குரல் கேட்டது.

“அத்தை? நீங்க எப்படி இங்க?”

“நான் இங்கதான் இருக்கேன் மாப்பிள்ளை. காபி?”

மூன்று முறை போய் மூன்று முறையும் அவளிடமே வந்து சேர்ந்தார். மூன்றாவது முறை, “உங்க வீடு இவ்வளவு பெருசா மாமா?” என்று கேட்டார். பூங்கொத்து நழுவி விழுந்து, அதை எடுக்கக் குனிந்தபோதுதான் சாம்பல் கைப்பிடி கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் அவர் இன்னும் நடையில் சுற்றிக்கொண்டிருப்பார்.

முன்னறைத் திரை முதலில் பணிவாகக் கேட்கும்: ஏன் போகிறீர்கள்? மூன்று பதில்கள். ஒன்று, ‘இந்த வீட்டில் அன்பு போதவில்லை.’ இரண்டு, ‘மாமியாரின் காபி பிடிக்கவில்லை.’ மூன்று, ‘வேறு காரணம், முந்நூறு சொற்களுக்குக் குறையாமல்.’ மாப்பிள்ளை கண்ணியமானவர். முதல் இரண்டையும் தொட மனம் வராமல் மூன்றாவதைத் தொட்டார். நின்றுகொண்டே, ஒற்றை விரலால் எழுதினார். என் மடிக்கணினியில் அது வரிவரியாக வந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை அவளை நிற்கவைத்தது, இரண்டு தடவையும் ஏதோ ஒரு பெட்டியின் நிறத்தைப் பற்றிய கூட்டத்தில் தான் உட்கார்ந்திருந்தது, அவள் சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை சொன்னது தனக்குச் சுட்டது, எல்லாவற்றையும் எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். முடித்து ‘அனுப்பு’ என்பதைத் தொட்டார். ‘நேரம் கடந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கவும்.’

இரண்டாம் தடவை காபியைத் தொட்டார். என் மனைவிக்கு இன்றுவரை வருத்தம்.

அடுத்தது புதுப் பாஸ்வேர்டு. அதில் ஓர் எண் வேண்டும், ஒரு குறியீடு வேண்டும், ஏற்கெனவே இந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்காததாக இருக்க வேண்டும். அதன் பிறகு, சரிபார்க்க ஓர் எண் தொலைபேசியில் வரும். அந்தத் தொலைபேசி மாடியில். அந்த எண் அரை நிமிடம்தான் செல்லும். அவர் படியேறி ஓடி, எண்ணைக் கேட்டு, அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடிவருவார். குறுக்கே என் மனைவி.

“மாப்பிள்ளை, நம்ம வீடு உங்களுக்கு எவ்வளவு பிடிச்சிருக்கு? அஞ்சுக்கு எத்தனை?”

“நாலு ரெண்டு ஏழு... அஞ்சு அத்தை, அஞ்சு... ஏழு... ஐயோ.”

ஒரு தடவை எப்படியோ தாண்டினார். கடைசிக் கட்டம் வந்தது. மனிதரா, இயந்திரமா என்கிற சோதனை. எங்கள் குடும்பப் படங்களைத் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டிருந்தேன். ‘பெண்ணின் தாய்மாமன் இருக்கும் கட்டங்களை மட்டும் தொடவும்.’ என் மைத்துனருக்கும் என் சித்தப்பா பையனுக்கும் ஒரே மீசை. அதுகூடப் பரவாயில்லை. ஒரு கட்டத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது. முழங்கையை மாமனாகக் கணக்கில் எடுப்பதா, வேண்டாமா? எடுத்தார், தவறு. விட்டார், மீசையில் தவறு. தவறினால் மறுபடி முதலிலிருந்து.

மணி பதினொன்று தாண்டியது. அவர் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“இறங்கிட்டேன். எங்க இருக்க?”

“கிளம்பிட்டேன். வாசல்லதான் இருக்கேன்.”

“எந்த வாசல்?”

“உங்க அப்பா வீட்டு வாசல். வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

அந்தப் பக்கமிருந்து “சரி,” என்று ஒரு சொல். வைத்துவிட்டாள்.

அவர் கதவைத் தட்டினார். முன்னறையிலிருந்து கூடத்துப் பக்கம் தலையை நீட்டி, “மாமா, திறந்துடுங்க மாமா. ப்ளீஸ்,” என்றார். நான் நாற்காலியை விட்டு எழாமல், “பக்கத்துச் சுவர்ல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் ஒட்டியிருக்கு பாருங்க மாப்பிள்ளை,” என்றேன். பார்த்தார். திரைச்சீலையை எப்படித் துவைப்பது, இந்த வீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது, மாமாவின் சாதனைகள் என்னென்ன. வெளியே போவது பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியை யாரும் அடிக்கடி கேட்டதில்லை.

“நான் என்ன மாமா தப்பு பண்ணினேன்?”

“உங்க தப்பு ஒண்ணுமே இல்ல மாப்பிள்ளை. வடிவமைப்பு சரியில்ல.”

ஆறுதலாகத்தான் சொன்னேன்.

என் மனைவி மேசைக்கு வந்தாள். “போதுங்க. பாவம், அழறாரு.”

“அது அழுகை இல்ல. எரிச்சல். இந்தக் கட்டத்துல எல்லாருக்கும் வரும்.”

“பொண்ணு ஏர்போர்ட்ல நிக்கறா.”

“டாக்சி இருக்கே. நேரா இங்க வந்துடுவா.”

“அதுக்காகத்தான் இத்தனையும்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

மகள் வந்தாள். டாக்சிக் கதவை அவள் சாத்திய சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். வாசற்கதவு தானாகத் திறந்தது, உள்ளே வந்தாள், கதவு மூடிக்கொண்டது. முன்னறைத் தரையில் மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வாடிய பூங்கொத்து. நான் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்கதான் இருந்தியா?”

“காலையிலேருந்து.”

“என்ன பண்ணிட்டிருக்க?”

“உன் மாமாவோட முழங்கையைத் தேடிட்டிருக்கேன்.”

அவள் திரையைப் பார்த்தாள். சட்டை நனைந்துபோயிருந்த அவரைப் பார்த்தாள். சிரித்தாள். பெட்டியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கோபத்தோடு வந்த பெண் சிரிப்பாள் என்பது என் ஆராய்ச்சித் திட்டத்தில் இல்லை.

“அது மாமா இல்லடா. அது நான். சைக்கிள்ல விழுந்து கட்டு போட்டிருந்தாங்க, பாரு.”

“உன் கையா? அது தெரியாமலா காலையிலேருந்து அதையே தடவிட்டிருக்கேன்.”

நான் எழுந்து முன்னறை வரை போனேன். “வாம்மா. உன் ரூம் ரெடியா இருக்கு,” என்று மட்டும் சொன்னேன்.

“அப்பா, நீங்க பேசாதீங்க.”

இருவருமாக முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். காரணம் கேட்ட இடத்தில் மகள் யோசிக்காமல் முதல் பதிலைத் தொட்டாள்: ‘இந்த வீட்டில் அன்பு போதவில்லை.’ அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. மேலே இருப்பதைத்தான் எல்லோரும் தொடுவார்கள்; எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பிறகு அவள் மாடியில் தொலைபேசிப் பக்கத்தில் நின்று எண்ணைக் கத்தினாள், அவர் கீழே அடித்தார். ஒருவரால் முடியாதது இருவரால் முடியும்படி அமைந்துவிட்டது. அது என் வடிவமைப்பில் உள்ள குறை. ஒத்துக்கொள்கிறேன்.

கதவு திறந்தது. அவர் பூங்கொத்தை அப்போதுதான் அவளிடம் கொடுத்தார், வாசற்படியில் வைத்து. அவள் வாங்கிக்கொண்டாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள். வழியனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டாள். கைப்பையும் இருந்தது. சீக்கிரம் வந்துவிடுவாள். புது மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், ஆனால் பழையதை இங்கேயே விட்டிருக்கிறாள். ஒரேயடியாகப் போகிறவள் பழையதை விட்டுவிட்டுப் போகமாட்டாள்.

முழுதாகச் சொல்வதென்றால் இதையும் எழுத வேண்டும். இந்த மேசைக்கு அடியில் ஒரு சிவப்பு விசை இருக்கிறது. தச்சர் பிடிவாதம் பிடித்து வைத்தது. அழுத்தினால் வீட்டிலுள்ள எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் திறந்துவிடும். வெள்ளிக்கிழமை முழுக்க அது என் வலது முழங்காலை உரசிக்கொண்டிருந்தது. அவர் தட்டியபோது, படியில் விழுந்து எழுந்தபோது, என் மகள் “சரி” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தபோது, நான் முழங்காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். ஆம், ஒரு மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாக வீட்டுக்குள் வைத்திருந்தேன். தெரிந்தே செய்தேன். என் மகள் விமான நிலையத்தில் தனியாக நிற்பாள் என்பதும் தெரியும்.

பலன் இல்லாமல் போகவில்லை. திங்கட்கிழமை மாப்பிள்ளை அலுவலகத்துக்குப் போய், அந்தத் தளத்திலிருந்த அத்தனை பெட்டியையும் பிடுங்கி எறிந்துவிட்டார். திறந்தால் செய்தி இருக்கிறது. தண்ணீர் நிறுத்தம் உச்சியில், ஒரே வரியில். நான் எழுத்தின் அளவைக்கூட அளந்து பார்த்தேன். பெரிதாகவே வைத்திருக்கிறார். வாசகர்களுக்காகச் சிறை போகிற முதல் இணைய வடிவமைப்பாளன் நானாகத்தான் இருப்பேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

உங்கள் காவலர் சற்று முன் எழுந்து, உள்ளறைகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது தட்டுகிற சத்தம் கேட்கிறது. நீங்கள் சோபாவிலிருந்து எழுந்துவிட்டீர்கள், பதற்றப்பட ஒன்றுமில்லை. மாடிப்படிக்குப் பக்கத்து மஞ்சள் அறைக்குள் போயிருப்பார். அது என் மகளின் பழைய அறை. புது மெத்தை, அவள் சிறு வயதுப் புத்தகங்கள், ஜன்னலோரம் மேசை எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். அவள் ஃபோனில் பேசினாளே, அன்று மாலையே தச்சரை வரவழைத்துச் செய்யச் சொன்னது. கூடத்து வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த அறைக்கதவை வெளியிலிருந்து விரலால் தொட்டாலே போதும், திறந்துகொள்ளும். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. தச்சர் மறந்துவிட்டார் என்று காவலர் நினைக்கக்கூடும். அவர் மறக்கவில்லை. “கைப்பிடி வைக்கலையே சார்” என்று இரண்டு தடவை கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் தேடாதீர்கள், ஆய்வாளர் அவர்களே. பயனருக்குத் தேவைப்படாத பொத்தானை நான் எந்தப் பக்கத்திலும் வைத்ததில்லை.